வானம் பார்த்த கரை – 9: சோழி சொன்ன கிரகணம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே பாறை பாறையாக எழுந்து நிற்கிறது பெருமுக்கல் மலை. மேலே ஒரு சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், இடிந்து கிடக்கும் கோட்டைச் சுவர்கள். கிழக்கே கழுவெளியின் நீர்ப்பரப்பு. அதைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். அதற்கும் அப்பால் வங்கக் கடல். இந்தக் கரையில் நின்று வானம் பார்த்தவர்களின் கதையைத்தான் இத்தொடரில் சொல்லி வருகிறோம். சென்ற இதழில் ரிஷோ பாதிரியாரைப் பார்த்தோம். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்தவர், பக்கத்தில் ஒளிர்ந்த ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டுபிடித்த கதை அது.

இந்த இதழுக்கான கதையை உப்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். போன மாதம் மரக்காணம் போயிருந்தபோது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் இருட்டோடு இருட்டாக வந்துவிடுகிறார்கள். எழுந்திருக்கும் நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“இப்ப செல்லுல மணி வெச்சிக்கிறோம் சார். எங்க ஆயா காலத்துல அதெல்லாம் ஏது? வெள்ளி மொளச்சிட்டா எழுந்திரிச்சிடுவாங்க. வெள்ளி இல்லாத மாசத்துல ஆறாமீனப் பாப்பாங்க.”

சொல்லிவிட்டுப் பலகையை இழுத்தார். பாத்தி ஓரத்தில் உப்பு இன்னொரு சாண் உயர்ந்தது. ‘வெள்ளி இல்லாத மாசம்’ என்று அவர் போகிற போக்கில் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது! விடிவெள்ளி சில மாதங்கள் கிழக்கே விடியலுக்கு முன் தோன்றும். பிறகு காணாமல் போகும். பிறகு மாலையில் மேற்கே தெரியும். இந்தச் சுற்று ஒருமுறை முடிய 584 நாட்கள் ஆகின்றன. அந்த ஆயா எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் வெள்ளி வராத மாதம் உண்டு என்பதும், அப்போது ஆறாமீனிடம், அதாவது கார்த்திகை விண்மீன் கூட்டத்திடம், கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஆயாவின் வெள்ளியைத் தேடித்தான் 1760-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார்.

பெருமுக்கல் விழுந்த மாதம்

அவர் பெயர் கியோம் லெ ஜான்தி. வயது 34. பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். அவர் புறப்பட்ட வேளையில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பெருமுக்கல் மலையில் நின்று பார்த்தால்தான் நன்றாக விளங்கும்.

1760 ஜனவரி 22. வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது. அதன்பின் கூட் நேராகப் புதுச்சேரி மீது பாயவில்லை. அதைச் சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆர்க்காடு விழுந்தது. அடுத்துப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பெர்மாகோயில்’ என்று எழுதிவந்த நம் பெருமுக்கல். இந்த மலையைப் பிடிக்கும் சண்டையில் கூட்டே காயம்பட்டார். அதற்கடுத்துக் கடற்கரையில் ஆலம்பரைக் கோட்டை. 1760 மார்ச் முடிவதற்குள் புதுச்சேரியின் வடக்கு வாசல் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது.

அதே மார்ச் 26-ஆம் தேதி பிரான்சிலிருந்து லெ ஜான்தியின் கப்பல் பாய் விரித்தது. பெருமுக்கல் விழுந்த செய்தி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் தேடிப் போன நிகழ்ச்சி யாருக்காகவும் காத்திருக்கக்கூடியது அன்று.

சூரியன் மீது ஒரு புள்ளி

பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே நேர்க்கோட்டில் வெள்ளி வந்தால், சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி ஊர்ந்து போவதுபோல் தெரியும். இதை வெள்ளி இடைநகர்வு என்கிறோம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. 1761, 1769 ஒரு ஜோடி. 1874, 1882 இன்னொன்று. நாம் பார்த்தது 2004, 2012. இனி 2117-இல்தான்.

இந்தக் கரும்புள்ளிக்கு ஏன் இத்தனை அலைச்சல்? கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். முதலில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. விரல் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறித் தெரியும். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியும், விரல் எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரிந்தால் விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். பூமியின் இரண்டு மூலைகளை இரண்டு கண்களாகவும், வெள்ளியைக் கட்டைவிரலாகவும், சூரியனைச் சுவராகவும் வைத்துக்கொண்டால் சூரியனின் தூரமே கிடைத்துவிடும். எட்மண்ட் ஹாலி 1716-இல் இந்த வழியை விரிவாக எழுதி வைத்தார். தாம் அதைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டோம் என்று தெரிந்தே, இளையவர்கள் பார்க்கட்டும் என்று எழுதினார். அந்த அழைப்பை ஏற்று உலகின் மூலைகளுக்குப் போனவர்களில் ஒருவர் லெ ஜான்தி. அவருக்கு ஒதுக்கப்பட்ட மூலை புதுச்சேரி.

1760 ஜூலையில் மொரீஷியஸ் தீவை அடைந்தார். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பல் கிடைக்கவே அடுத்த மார்ச் ஆகிவிட்டது. பருவக்காற்று அலைக்கழித்தது. 1761 மே 24-இல் மலையாளக் கரையில் மாஹே அருகே வந்தபோதுதான் செய்தி தெரிந்தது. மாஹேயும் போயிற்று, ஜனவரி மாதமே புதுச்சேரியும் போயிற்று. பெருமுக்கல்லில் தொடங்கிய முற்றுகை முடிந்துவிட்டிருந்தது. கப்பல் மொரீஷியஸை நோக்கித் திரும்பியது.

ஜூன் 6 காலை, இந்துமாக்கடலின் நடுவில், தெளிந்த வானத்தில் சூரியன் மேல் வெள்ளி ஊர்ந்ததை அவர் பார்த்தார். ஆனால் பார்த்து என்ன பயன்? ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. தாம் நிற்கும் இடம் எது என்பதையே உறுதியாகக் குறிக்க முடியாது. நேரமும் இடமும் இல்லாத காட்சி கணக்குக்கு உதவாது. உலகின் வானியலாளர்கள் ஏங்கிய காட்சி கண்முன் ஓடியது. ஏட்டில் எழுத ஓர் எண் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பவில்லை அவர். எட்டு ஆண்டுகள் காத்திருந்து அடுத்ததைப் பார்த்துவிட்டே போவது என்று முடிவு செய்தார்.

1769 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை

அந்த எட்டு ஆண்டுகளில் மடகாஸ்கர் கரையை வரைந்தார்; 1766-இல் மணிலாவுக்குப் போனார். அங்கே வானம் நன்றாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. ஆனால் ஸ்பானிய ஆளுநர் அவர் மேல் சந்தேகப்பட்டார். பாரிஸும் புதுச்சேரிக்கே போகச் சொன்னது. போர் முடிந்து, ஒப்பந்தப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்தது. 1768 மார்ச் 27-இல் வந்து இறங்கினார்.

அவர் பார்த்த புதுச்சேரி ஒரு கற்குவியல். ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தகர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் கோட்டை இடிபாட்டின் மேலேயே அவருக்கு ஒரு வானோக்ககம் கட்டிக் கொடுத்தார். அதன் அடியில் இருந்த நிலவறையில் வெடிமருந்து மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சென்னையிலிருந்த ஆங்கிலேயர், நேற்றைய பகைவர்கள், ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் அனுப்பினார்கள்.

லெ ஜான்தி கையோடு ஒரு வானத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாரிஸில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து கிட்டத்தட்ட 49 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 12 பாகைக்கு இறங்கிவிட்டது. பாரிஸில் உதிக்கவே உதிக்காத அகத்தியர் நட்சத்திரம், மாசி மாத மாலைகளில் தெற்கே தகதகவென்று நின்றது.

1769 மே மாதக் காலைகள் எல்லாம் தெளிந்தே விடிந்தன. ஜூன் 3 மாலை ஆளுநரும் அவரும் சேர்ந்து வியாழனின் துணைக்கோளைப் பார்த்தார்கள். வானம் கண்ணாடி போல் இருந்தது. மறுநாள் காலை சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். ஏழு மணி வாக்கில் விலகிவிடும். அந்த விலகும் கணத்தைக் குறிக்கத்தான் ஒன்பது ஆண்டு அலைச்சல்.

விடியற்காலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. கடலோர மணல்திட்டில் அலை முனகும் ஓசை தென்கிழக்கிலிருந்து கேட்டது. அந்த ஓசை அவருக்கு நல்ல சகுனம். தென்கிழக்குக் காற்று வீசினால் இந்தக் கரையில் வானம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும் என்பதை ஓராண்டுக்குள் அவர் கற்றிருந்தார். மனசு கேட்காமல் எழுந்து வெளியே வந்து பார்த்தார். வானம் முழுக்க மேகம்.

காற்றே இல்லை. ஐந்து மணிக்கு மெல்லக் கிளம்பிய காற்று சிறிது நேரத்தில் சூறையாகி, கடலை நுரையால் வெளுக்க வைத்தது. மேகம் கலையுமென்று பார்த்தால், இரண்டாவது திரையாக இன்னும் மேகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆறு மணிக்குக் காற்று அடங்கியது, மேகம் நகரவில்லை. ஏழு மணி கடந்தபோது சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு வெளுப்பு மட்டும் தெரிந்தது. அதற்குள் வெள்ளி விலகிவிட்டது. அன்று பிற்பாடு வெயில் பளிச்சென்று அடித்தது.

அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்று பின்னால் தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்! இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. அவர் எழுதாத அந்தப் பக்கங்கள்தான் இந்தக் கரையின் வரலாற்றில் என் நெஞ்சை அதிகம் தொட்டவை. உலகம் முழுவதும் அந்த ஆண்டு எடுத்த அளவுகளிலிருந்து சூரியனின் தூரம் சுமார் 15.3 கோடி கி.மீ. என்று பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து 1771-இல் கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு 14.96 கோடி. அந்தக் கூட்டு உழைப்பில் புதுச்சேரி வரிசை மட்டும் காலியாக நின்றது.

தரையில் உட்கார்ந்த ஆசிரியர்

வெள்ளிக்காகக் காத்திருந்த காலத்தில் லெ ஜான்தி சும்மா இருக்கவில்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் கிடந்த பழைய செங்கல் கட்டுமானங்களைப் பார்த்து எழுதி வைத்தார். இன்று அரிக்கமேடு என்று உலகம் அறிந்த இடம் அது. கோயில்கள் திசை பார்த்துக் கட்டப்பட்டிருப்பதைக் கவனித்தார். அதைவிட முக்கியமாக, இங்குள்ள தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கற்க ஆசைப்பட்டார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தரையில் உட்கார்ந்தார். முன்னால் சோழிகள். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை, அட்டவணை இல்லை. வாய் ஏதோ ஒரு சொற்றொடரை முணுமுணுக்கும். கை சோழிகளை எடுத்து வைக்கும், கலைக்கும், மறுபடி வைக்கும். லெ ஜான்தி பழகிய கணிதத்தில் ஒவ்வொரு படியும் தாளில் மிஞ்சும். பிழை வந்தால் திரும்பிப் பார்க்கலாம். இங்கே ஒரு படி முடிந்ததும் சோழி கலைந்துவிடுகிறது. மிஞ்சுவது விடை மட்டுமே.

அந்த விடை எப்படி இருந்தது என்று பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டார். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அன்று ஐரோப்பாவில் பெரும்மதிப்புப் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் 1752-ஆம் ஆண்டு அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. லெ ஜான்தி வியந்துபோனார். தாம் கற்றதை முழுவதுமாக எழுதி எடுத்துக்கொண்டு 1770-இல் புதுச்சேரியை விட்டார். உடல் நோயில் நலிந்திருந்தது. 1771 அக்டோபரில் பிரான்ஸ் மண்ணை மிதித்தபோது, பதினொன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழகத்திலும் அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

1779-இலும் 1781-இலும் இரண்டு பெரிய தொகுதிகளாகத் தம் பயணத்தை வெளியிட்டார். அதில் இருந்த தமிழ்க் கணக்கு ஐரோப்பாவில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிரெஞ்சு வானியலாளர் ஜான் சில்வேன் பெய்லி 1787-இல் இந்திய வானியல் பற்றித் தனி நூலே எழுதினார். ஸ்காட்லாந்தில் ஜான் பிளேஃபேர் அதைத் தொடர்ந்தார். வெள்ளியைத் தேடி வந்தவர் வெள்ளியைக் கொண்டுபோகவில்லை. இந்த மண்ணின் கணக்கைக் கொண்டுபோனார். மேகம் மறைக்க முடியாத செல்வம் அதுதான்.

தேவரம் என்றால் 248

அந்த முணுமுணுப்பில் என்ன இருந்தது? பஞ்சாங்கக்காரர்கள் அதை ‘வாக்கியம்’ என்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் இன்றும் சொல்லும் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஆகிய நான்கும் 1. ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து வரும் எழுத்துகள் 2, 3, 4 என்று போகும். எண்ணைச் சொல்லாக்கி, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படிக்க வேண்டும். ‘தேவரம்’ என்ற சொல்லை எடுங்கள். தே 8, வ 4, ர 2. திருப்பினால் 248. ‘காலாநலம்’: கா 1, லா 3, ந 0, ல 3. திருப்பினால் 3,031. ‘ரசகைரிகா’ என்றால் 12,372. சொல்லை மனனம் செய்தவருக்கு எண் தானாக வந்துவிடும்.

ஏன் 248? நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். ஒரு விரைவிலிருந்து அடுத்த விரைவுக்கு 27 நாளும் 13 மணிச் சொச்சமும் ஆகும். இதை ஒன்பது முறை கூட்டுங்கள். 248 நாளுக்கு 13 நிமிடமே குறையும். அதாவது, நிலாவின் வேக ஏற்ற இறக்கம் 248 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அப்படியே திரும்பி வரும். 110 முறை கூட்டினால் 3,031 நாள். பிசகு ஒரு நிமிடம்கூட இல்லை. எனவே 248 நாட்களுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனனம் செய்துவிட்டால் நிலா எந்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

கணக்கு இப்படிப் போகும். கலியுகம் பிறந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 3102 முதல் வேண்டிய நாள் வரை எத்தனை நாள் என்று முதலில் சோழியில் வைக்க வேண்டும். 1825-ஆம் ஆண்டுக்கு அது 18 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து 16,00,984-ஐக் கழி. மீதியிலிருந்து 12,372-ஐ எத்தனை முறை கழிக்க முடியுமோ கழி. பிறகு 3,031. பிறகு 248. இறுதியில் நிற்கும் சில பத்துச் சோழிகளோ, நூற்றுச் சொச்சமோ, எத்தனையாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று காட்டும். மலையளவு நாட்களைக் கழித்துக் கழித்து ஒரு கையளவுக்குக் கொண்டுவரும் இந்த நேர்த்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

248 என்ற எண்ணுக்கு இன்னும் நீண்ட கதை உண்டு. பாபிலோனின் களிமண் பலகைகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கச் சுவடிகளிலும் நிலாவுக்கு இதே 248 நாள் கணக்கு இருக்கிறது. வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகபாவர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி இதை எடுத்துக்காட்டினார். களிமண்ணில் அழிந்துபோன முறை, புதுச்சேரித் திண்ணையில் ஒரு மனிதரின் நாவில் உயிரோடு இருந்தது.

52 நிமிடம்

நியூகபாவர் இந்தத் தமிழ்க் கணக்கை அறிந்தது லெ ஜான்திக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த இன்னொருவர் வழியாக. ஜான் வாரன் ஆங்கிலப் படையில் பணிபுரிந்த நில அளவையாளர். சென்னை வானோக்ககத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவர். கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்தவர். தென்னிந்தியர் காலத்தை அளக்கும் முறைகளைத் தொகுத்து 1825-இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற நூலாக வெளியிட்டார்.

புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் முன்னால் உட்கார வைத்தார். சாமி நாதன் சஷியா என்பது வாரன் எழுதிய எழுத்தில் அவர் பெயர். 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் சோழியைத் தரையில் பரப்பினார். வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி முடித்தார். வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். ஆனால் தன் மனத்திலும் தரையிலும் கணக்கைத் துல்லியமாக வரிசைப்படுத்தும் நினைவாற்றல் இருந்தது என்று வியக்கிறார்.

கிரகணம் வந்தது. தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

நம் மண்ணின் அறிவைப் பற்றி எழுதும்போது 41 விநாடியோடு நிறுத்திவிடுவது எளிது. பலர் நிறுத்தியும் விடுகிறார்கள். அது நம் முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது. ஒரு முறை பொருந்தி வரும், இன்னொரு முறை விலகும். 41 விநாடியும் உண்மை. 52 நிமிடமும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பாடம் தெரியும்.

பாடம் இதுதான். 248 வாக்கியங்களை முதலில் அமைத்தவர்கள் நிலாவைப் பார்த்து அமைத்தார்கள். இரவு இரவாக, தலைமுறை தலைமுறையாக ஏறிட்டுப் பார்க்காமல் அந்த எண்கள் வந்திருக்க முடியாது. பிறகு வந்தவர்கள் எண்ணை உயிரைப்போல் காத்தார்கள். ஓர் எழுத்துப் பிசகாமல் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கணித்த கிரகணத்தைக் கண்ணால் பார்த்து, எத்தனை நாழிகை தவறியது என்று குறித்து, எண்ணைத் திருத்தும் வேலை நாளடைவில் நின்றுபோனது. கேரளத்தில் 15-ஆம் நூற்றாண்டில் வடசேரி பரமேஸ்வரர் அந்த வேலையைச் செய்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் கணக்கைச் சீர்செய்தார். எங்கெல்லாம் அப்படி ஒருவர் இல்லாமல் போனாரோ அங்கெல்லாம் பிசகு சோழியைப்போலச் சேர்ந்துகொண்டே போனது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 17-இல் சனிப்பெயர்ச்சி என்றது, இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாற்றில் வாக்கிய முறைப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-இல் நடந்தது. இடையே பதினொரு மாதம். எந்த நாளில் வழிபடுவது என்பது கோயிலின் மரபு. அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சனி என்பது வெறுங்கண்ணுக்குத் தெரிகிற ஒரு கோள். அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று மொட்டைமாடியில் ஏறிப் பார்க்கலாம். அந்தப் பதினொரு மாதத்தில் எத்தனை பேர் ஏறிப் பார்த்தோம்?

ஒரு முட்டி, ஒரு நட்சத்திரம்

இந்தக் கரைக்கு வானம் மூன்று வழியில் தெரிந்திருக்கிறது. உப்பளத்து ஆயாவுக்குக் கண் இருந்தது, எண் இல்லை. சோழி வைத்தவருக்கு எண் இருந்தது. அவர் வானத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. லெ ஜான்திக்குக் கண்ணும் எண்ணும் கருவியும் இருந்தன. அன்று காலை மேகம் இருந்தது. மூவரும் இருந்தது ஒரே கடற்கரையில், ஒருவருக்கொருவர் ஒரு நாள் நடைத் தொலைவில். மூவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். லெ ஜான்தி சோழிக்காரரிடம் உட்கார்ந்தார், அதுவரைக்கும் நடந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ, அவர் பிள்ளைகளோ தொலைநோக்கியில் கண் வைத்துத் தங்கள் கணக்கைச் சரிபார்க்கும் நாள் வர இன்னும் நூறாண்டு ஆயிற்று.

அந்த நூறாண்டுக் கதைக்குப் போகுமுன் வாசகர்களுக்கு ஒரு சிறு வேலை. நிலா இல்லாத ஒரு தெளிந்த இரவில் விளக்கு வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். பெருமுக்கல் பக்கத்து வயல்வெளி நல்ல இடம். மலை ஏறுவதானால் பகலிலேயே வழி பார்த்து வைத்துக்கொண்டு, துணையோடு போங்கள். வடக்கே திரும்புங்கள். கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கி முட்டியாக்குங்கள். நீட்டிய கையில் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. முட்டியின் அடிப்பக்கத்தை அடிவானத்தில் பொருத்துங்கள். முட்டிக்குச் சற்று மேலே, அவ்வளவு பளிச்சென்று இல்லாத ஒரு விண்மீன் தனியாகத் தெரியும். சப்தரிஷி மண்டலம் வானில் இருக்கும் மாதமாக இருந்தால் அதன் முன்னிரண்டு மீன்களை இணைத்த கோடு அங்கே கொண்டுபோய்விடும். அதுதான் துருவ நட்சத்திரம். அதன் உயரம் 12 பாகை என்றால் நீங்கள் நிற்கும் இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகை. பெருமுக்கல் இருப்பதும் அங்கேதான்.

ஏடு வேண்டாம், கருவி வேண்டாம். உங்கள் கண்ணும் ஓர் எண்ணும் சேர்ந்து, பூமியில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டன. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் முட்டி சிறிது, கையும் குட்டை; விடை அநேகமாக அதேதான் வரும். வீட்டுக்கு வந்ததும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி பார்த்து, பக்கத்திலேயே எழுதுங்கள். சோழிக் கணக்கில் விடுபட்டுப்போன வரி அதுதான்.

அடுத்த இதழில்: 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தது. சென்னை வானோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து தொலைநோக்கியில் கண் வைத்தவர், அதைப் பற்றி மக்களுக்காக நம் மொழிகளில் நூல் எழுதினார்.

(தொடரும்)